நடுவில் வந்த கோடு

அந்த மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஜெல்லக்கா, அவ்வளவுதான். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஜெல் ஊற்றி, அதில் மின்சாரம் வைத்துப் புரதங்களை ஓடவிட்டு, பெரியது மேலே, சிறியது கீழே என்று கோடுகோடாகப் பிரித்துத் தருவது இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. சும்மா சொல்லக்கூடாது, அவள் ஜெல்லில் ஒரு குமிழி இருக்காது, ஒரு கோணல் இருக்காது. அடுத்தவர் ஜெல்லைப் பார்த்தால், "என்னப்பா இது, மழையில நனைஞ்ச பேப்பராட்டம்?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். அந்தப் பெருமைதான் கடைசியில் வினையாக வந்தது.

தங்கச்சி என்று அவள் கூப்பிட்ட ஒருத்தி அங்கே ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். முப்பத்தைந்து வயது, கைக்குழந்தைக்காரி, படிப்பை விட்ட இடத்தில் திரும்பப் பிடித்தவள். அவள் கையில் இருந்தது ஒரே கேள்வி. மூளைச் செல்கள் ஒன்றோடொன்று பேசக் குளூட்டமேட் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்துகின்றன. அதை வாங்கிக்கொள்ளச் செல்லின் மேல் ரிசெப்டர் என்ற கதவுகள் உண்டு. ஒரு கதவுக்கு நான்கு புரதத் துண்டுகள். அந்த நாலும் எப்படிச் சேர்கின்றன?

"ஒவ்வொண்ணா வந்து ஒட்டிக்கும்" என்றார் பேராசிரியர்.

"இல்லை சார், முதல்ல ரெண்டு ரெண்டா ஜோடி சேரும். அப்புறம்தான் ரெண்டு ஜோடியும் ஒண்ணாகும்" என்றாள் தங்கச்சி.

"வாயால சொன்னாப் போதுமா? ஜோடியக் கண்ணுல காட்டு. ஒரு வருஷம் டைம். இல்லேன்னா உதவித்தொகைய நீட்டிக்க மாட்டேன்."

ஜோடியைப் பார்க்க வேண்டுமென்றால் கதவு முழுதாகச் சேரும் முன்பே செல்களை எடுத்துவிட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குச் செல்லுக்குள் துண்டுகளைச் செய்யும் உத்தரவைப் போட்டால், மறுநாள் காலை ஆறு மணிக்கு எடுக்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு அவளால் அந்நேரம் எப்படி வர முடியும்? "நீ பிள்ளையப் பாரு தாயி, என் வீடு பக்கத்துத் தெருதானே, நான் எடுத்து ஓட்டி வைக்கிறேன்" என்று ஜெல்லக்காதான் தானாக முன்வந்தாள். "செல்லுக்குப் பண்ற சேவகத்துல பாதி எனக்குப் பண்ணியிருந்தா நான் இன்னும் இளவட்டமா இருப்பேன்" என்று அவள் வீட்டுக்காரர் புலம்பினார்.

அந்த நேரக் கணக்கு எதற்கு என்று அவள் கேட்கவும் இல்லை, தங்கச்சி சொல்லவும் இல்லை. முதல் நாள் சொன்னபடியே ஆறு மணிக்கு எடுத்து ஓட்டினாள். ஜெல்லைப் படம் பிடித்த ஃபிலிமில் மேலே முழுக்கதவின் கோடு, கீழே ஒற்றைத் துண்டின் கோடு. நடுவே, இருக்கவே கூடாத இடத்தில், இன்னொரு கோடு. ஜெல்லக்காவுக்குத் திக்கென்றது. கலவையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கலக்கிவிட்டோமோ, கதவு பாதியில் பிய்ந்துவிட்டதோ என்று பயந்தாள். தன் கையால் இப்படி ஒரு ஜெல்லா! தங்கச்சி வருவதற்குள் ஃபிலிமைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மானம் போய்விடும் அல்லவா?

செல் இன்னும் பக்குவப்படவில்லை, அதனால்தான் பிய்கிறது என்று அவளே ஒரு முடிவும் கட்டினாள். அடுத்த தடவையிலிருந்து இன்னும் ஒரு நாள் விட்டு எடுத்தாள். நடுக்கோடு மறைந்தது, மேலே ஒரே கோடு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. நோட்டில் மட்டும் "காலை 6 மணி" என்றே எழுதினாள். பிள்ளைக்காரி மனசு கஷ்டப்படக்கூடாது, நல்ல ஜெல்லாகத் தரவேண்டும் என்ற எண்ணம் வேறு. நல்லெண்ணத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போடவேண்டியதுதான்!

வருஷம் முழுக்கத் தங்கச்சி அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவித்தொகை நின்று, கடைசி நாள் மேஜையைக் காலி செய்யும்போது, "உங்க ஜெல்லுல தப்பே வராதுக்கா. தப்பு என் யோசனையிலதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஜெல்லக்காவின் புளுகு ஒன்பது வருஷம் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் வேறொரு கூடத்தின் படத்தைத் திரையில் போட்டார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவே ஒரு கோடு. "இதுதான் ஜோடி. நம்ம கிட்ட இருந்த பொண்ணு ஒருத்தி இதத்தான் அடிச்சுச் சொன்னா. பாவம், காட்ட முடியல" என்றார். பின்வரிசையில் இருந்த ஜெல்லக்கா, தான் குப்பையில் போட்ட அதே கோட்டைத் திரையில் பார்த்தாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர் கேலி செய்யவில்லை. "போய்ச் சொல்லிடு" என்றார்.

ஜெல்லக்கா விசாரித்துக்கொண்டு போனபோது தங்கச்சி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் பாதி நரை. "அக்கா! சர்க்கரை மாத்திரையா?" என்று சிரித்தாள். ஜெல்லக்கா மூச்சு வாங்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள்: நடுக்கோடு, குப்பைத்தொட்டி, நோட்டில் எழுதிய பொய். "என்னச் செருப்பால அடி தாயி."

தங்கச்சி கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். "மொத தடவையேவா வந்துச்சு?"

"மொத தடவையே."

"மங்கலாவா?"

"இல்ல. நல்லா அழுத்தமா, நேரா இருந்துச்சு."

"ஆறு மணிக்குத்தானே எடுத்தீங்க?"

"ஆறு மணிக்கு. நீ சொன்ன மாதிரியே."

தங்கச்சி ஒரு மருந்து உறையைத் திருப்பிப் போட்டு, மூன்று கோடுகள் கிழித்தாள். நடுவில் இருந்ததை மட்டும் இன்னொரு தடவை அழுத்திக் கிழித்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஒன்பது வருஷமா என் புத்தியத்தான் நான் திட்டிக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றாள்.

கடைக்கு ஆள் வந்தது. அவள் கோடு கிழித்த அந்த உறையிலேயே வந்தவருக்கு மாத்திரையைப் போட்டு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.