மாப்பிள்ளையும் கழுதையும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் சரி, டிப்போவில் அவர் பெயர் ரேடியேட்டர். காரணம் கேட்கவே வேண்டாம். சீக்கிரம் கொதிப்பார், கொதித்தால் பக்கத்தில் ஆள் நிற்க முடியாது. அவர் வண்டியின் கதவை யாராவது ஓங்கிச் சாத்திவிட்டால் போதும், அந்த ஆளின் ஏழு தலைமுறைக்கும் அன்றைக்குத் திட்டு விழும். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த நல்லதைப் பார்க்க நாம் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.

மலை மேலிருக்கும் செல்போன் கோபுரங்களுக்கு டீசல் பீப்பாய்களையும் பழுது பார்க்கும் ஆட்களையும் ஏற்றிப்போவது அவர் வேலை. தார் ரோடு அடிவாரத்தோடு கைகழுவிவிடும். அதற்கு மேல் கல், சேறு, மழைத் தண்ணீர் அரித்துப்போட்ட பள்ளம். அந்தப் பாதைக்கென்று கம்பெனியில் இரண்டு பிக்கப் வண்டிகள் இருந்தன. ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு கம்பெனிகளின் தயாரிப்பு. ஒரே சைஸ், ஏறக்குறைய ஒரே விலை. வெள்ளை வண்டிக்கு டிரைவர்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. சாம்பல் நிற வண்டி கழுதை.

பெயர்ப் பொருத்தத்தில் குறை சொல்ல முடியாது. தார் ரோட்டில் மாப்பிள்ளை ராஜா. குலுங்காமல் போகும், ஏசி போட்டால் பல் கிட்டும், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஃபோர் வீல் வேண்டுமென்றால் ஒரு பட்டனைத் திருகினால் போதும். ஆனால் உபசாரத்தில் துளி குறைந்தாலும் முறுக்கிக்கொள்ளும். ஏற்றத்தில் சூடேறும். அடிவயிறு தாழ்வு, அதனால் கல்லில் உரசும். அந்தப் பட்டனும் ஒரு நாள் சொன்ன பேச்சைக் கேட்கும், ஒரு நாள் கேட்காது. கழுதையில் ஏறினாலோ முதுகெலும்பில் எத்தனை எலும்பு என்று எண்ணிவிடலாம். பின்னால் பட்டை ஸ்பிரிங், அப்படித் தூக்கிப் போடும். ஃபோர் வீலுக்குக் கையால் தள்ளும் லிவர். தள்ளுவதற்குள் தோள்பட்டை இறங்கிவிடும். ஆனால் ஒரு தடவை விழுந்த கியர்ப் பல் பிறகு கழலாது. டாஷ்போர்டில் மட்டும் வேளை கெட்ட வேளையில், காரணமே இல்லாமல் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்.

மாப்பிள்ளையை ஓட்டியவர் ரேடியேட்டர். கழுதையை ஓட்டியவன் அவர் மனைவியின் தம்பி. டிப்போவில் அவன் பெயர் ஹலோ. மஞ்சள் விளக்கு எரிந்தால் போதும், ஓரங்கட்டிவிட்டு இழுவை வண்டிக்காரனுக்குப் போன் போடுவான். "ஹலோ, வண்டி நின்னுடுச்சு, வா."

அந்த டிப்போவில் இதைவிட அசிங்கமான பேச்சு கிடையாது. வண்டி நின்றது என்றால் டிரைவர் சரியில்லை என்று அர்த்தம். டீக்கடை பெஞ்சில் ஒரு வாரத்துக்கு வைத்துச் செய்வார்கள். ஹலோவுக்கு அதெல்லாம் உறைக்காது, எருமை மாட்டின் மேல் மழை. ரேடியேட்டர் மட்டும் அந்த வார்த்தையை வாழ்நாளில் சொன்னதில்லை. "நான் ஓட்டுற வண்டி நின்னதா சரித்திரமே இல்ல" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

நிற்கவில்லையா? நன்றாக நின்றது. மாதம் தவறாமல் நின்றது. அவர்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பெல்ட் அறுந்தால் கம்பியைக் கட்டி ஓட்டினார். கொதித்தால், "எல்லாரும் இறங்கி காலை நீட்டிக்குங்க, இங்க காத்து நல்லாருக்கு" என்று ஆட்களை இறக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். எல்லாவற்றிலும் கொடுமை அந்தப் பட்டன்தான். திருகும்போது உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் பாதியில் மக்கர் பண்ணும். எந்தப் பல்லும் எந்தப் பல்லையும் பிடிக்காது. அப்போது வண்டி கியரில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். சரிவில் அதைப் பிடித்து வைப்பது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அந்த நேரத்தில் ரேடியேட்டர் டயருக்குப் பின்னால் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, ஸ்பேனரோடு அடியில் ஊர்ந்துபோய் மோட்டாரை டொக் டொக் என்று தட்டுவார். பல் விழுந்துவிடும். "கீழ ஒரு கல்லு மாட்டியிருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார். ஆட்களும் நம்புவார்கள்.

இப்படி இருக்கையில் அவர் முழங்கால் கைவிட்டது. கிளட்ச் மிதித்தால் வலி உச்சந்தலைக்கு ஏறியது. கம்பெனி அவரைக் கீழ் ரோட்டுக்கு மாற்றி, மலைப் பாதையை அவர் மகளுக்குக் கொடுத்தது. அவளும் டிரைவர்தான், அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பழைய வண்டிகளை ஒதுக்கிவிட்டு மலைக்குப் புது வண்டிகள் வாங்கப் போகிறார்கள் என்றதும் பெருமை இரட்டிப்பானது. எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டபோதுதான் இறங்கியது இடி. மாப்பிள்ளையின் புது மாடல், அதே பட்டனோடு.

அவர் கதவைத் தட்டாமலே மேனேஜர் அம்மாவின் அறைக்குள் போனார்.

"மேடம், எவன் சொன்னான் அந்த வண்டியை வாங்கச் சொல்லி?"

மேனேஜர் நிதானமானவர். பேனாவை மூடி வைத்தார். "உக்காருங்க. எவனும் சொல்லல, நானே விசாரிச்சேன். இழுவை வண்டிக்காரரைக் கேட்டேன். கழுதையை இழுத்து இழுத்துக் கயிறே தேஞ்சு போச்சுங்கறார். உங்க வண்டிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லையாம். அப்போ எது நம்பிக்கையான வண்டி? நீங்களே சொல்லுங்க."

"அது கழுதையோட தப்பு இல்ல மேடம். அதை ஓட்டுறவன் கழுதை!"

"சரி, உங்க வண்டியில என்ன குறை?"

ரேடியேட்டர் வாயைத் திறந்தார். சொல்லி வைத்த சரித்திரம் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டார். அத்தனை காலம் மீசையைத் தடவிய கை மடியில் கிடந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயைத் திறந்தும் கெட்டார், மூடியும் கெட்டார்.

"மலையில ஏத்திப் பாருங்க மேடம். லோடோட ஏத்துங்க. அப்போ தெரியும்."

"பாத்துடலாமே. காலையிலயே பாத்துடலாம்" என்றார் மேனேஜர்.

வீட்டில் அன்று தட்டு பறந்தது. மைத்துனனைத் திட்டினார், மைத்துனனைப் பெற்றவர்களைத் திட்டினார், வண்டி செய்தவனைத் திட்டினார். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்த வண்டியில அப்படி என்னதான் கோளாறு? அதை மேடம்கிட்ட சொல்றதுக்கென்ன? சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போடி!"

"எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி. "நம்ம பொண்ணு தினமும் அதுலதான் ஏறணும். அது எனக்குத் தெரியும்." அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

காலையில் இரண்டு வண்டியிலும் டீசல் பீப்பாய்களை ஏற்றினார்கள். கழுதையில் ஹலோவும் மேனேஜரும். மாப்பிள்ளையில் ரேடியேட்டரும், பாதை பார்த்துக்கொள்ள மகளும். துணியைக் கயிறு போலத் திரித்து முழங்காலை இறுக்கிக் கட்டியிருந்தார் ரேடியேட்டர். இன்றைக்கு இந்த வண்டியின் சாயம் வெளுக்கும், ஊரே பார்க்கட்டும் என்று கறுவிக்கொண்டுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

ஆனால் பழகின கை சொன்னபடி கேட்குமா? சூடேறப் போகிற இடத்தில் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டது. அடிவயிறு உரசும் கல்லைக் கை தானாகச் சுற்றிக்கொண்டு போனது. கெட்ட வண்டியைக் கெட்டதாக ஓட்ட அவருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை வெட்கமில்லாமல் அலுங்காமல் ஏறியது. முன்னால் போன கழுதையின் ஜன்னலிலிருந்து மேனேஜர் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ரேடியேட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நின்னு தொலையேன், சனியனே" என்று வாய்விட்டுத் திட்டினார்.

கழுதை வளைவில் திரும்பி மறைந்தது. செங்குத்தான சரிவு அங்கேதான் ஆரம்பம். பட்டனைத் திருகினார். உள்ளே கரக் என்றது, அவ்வளவுதான். வண்டி ஒரு முழம் பின்னால் நழுவியது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார்.

நின்றுவிட்டது. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் மனிதரின் கை சீட்டுக்கு அடியில் ஸ்பேனரைத்தான் தேடியது. ஸ்பேனர் அங்கே இல்லை.

பக்கத்து சீட்டிலும் ஆள் இல்லை.

இறங்கி ஓடினார். முழங்கால் வெட்டி இழுத்தது. பின் டயருக்குத் தேங்காய் அளவு கல் ஒன்று முட்டுக் கொடுத்திருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டொக், டொக்.

"ஏய்! வெளிய வா!"

"கத்தாதீங்கப்பா" என்றது அடியிலிருந்து குரல். "மேடம் இன்னும் வளைவுல இருந்து வரல. ரெண்டு தட்டு தட்டினா விழுந்துடும். நின்னுச்சுன்னு யாருக்கும் தெரிய வேணாம், உங்க பேரு கெட்டுடும். லீவு நாள்ல உங்ககூட வரும்போது பார்த்திருக்கேன், எனக்குத் தெரியும்."

டயர் அந்தக் கல்லைக் கொஞ்சம் நசுக்கியது. நறநறவென்று சத்தம் கேட்டது.

அவர் குனிந்து மகளின் இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சட்டை கிழிந்து, முதுகில் கல் கீறி, அவள் வெளியே வந்து விழுந்தாள். "எதுக்கு இப்போ..." என்று அவள் எழுந்திருப்பதற்குள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதுவரை அவளை அவர் அடித்ததே இல்லை. கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு தெரிந்தது, தெரிந்ததும் இன்னும் கூடியது.

போனை எடுத்தார். "வண்டி நின்னுடுச்சு. இழுவை வண்டியைக் கொண்டு வா."

மறுபக்கம் சிரிப்பு. "அண்ணே, காலையிலயே விளையாட்டா? ஹலோ பேசுறான்னுல்ல நெனச்சேன்."

"நின்னுடுச்சுடா! ஒரு மனுஷன் எத்தனை தடவைடா சொல்லுவான்? நின்னுடுச்சு, நின்னுடுச்சு, நின்னுடுச்சு!" மலை முழுக்கக் கேட்டிருக்கும். கழுதை வளைவிலிருந்து திரும்பி வந்தது.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பெல்ட், கம்பி, பட்டன், மோட்டார், கல், எதையும் விடவில்லை. வழக்கமாகக் கத்துகிறவர், அன்று மெதுவாகச் சொன்னார். ஹலோ மட்டும் ஒரு வார்த்தை கேலி பேசாமல், பெரிய பாறையாகப் பார்த்து உருட்டிக்கொண்டு வந்து டயருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, "மாமா, நீங்க உக்காருங்க" என்றான்.

மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. "என் ஆளுங்களை இதுலயா ஏத்திட்டுப் போனீங்க, இத்தனை வருஷமா?"

"ஆமா மேடம்."

"கழுதையையே வாங்கறேன். நீங்க சாவியைக் கொடுங்க. கீழ் ரோட்டுலயும் இனி உங்களுக்கு வண்டி கிடையாது."

கொடுத்தார்.

கழுதையின் பின்சீட்டில் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கீழே இறங்கினார்கள். கழுதை தூக்கித் தூக்கிப் போட்டது. பாதி வழியில் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "இந்த ஜென்மத்துல உங்களை மன்னிக்க மாட்டேன். எல்லார் முன்னாடியும் உங்க மானத்தை நீங்களே வாங்கிட்டீங்க. என்னையும் அடிச்சுட்டீங்க."

"மன்னிக்காத" என்றார் ரேடியேட்டர். "நல்லா கோபப்படு. உசுரோட இருந்து கோபப்படு."