தள்ளக்கூடிய கார்

கமலேஸ்வரியின் தம்பி பாக்கியரத்தினம் சாம்பல்தீவில் வாடகைக் கார் ஓடினான். ஒரு ஆளால் தள்ள முடியாத வாகனம் வாகனமே இல்லை என்பது அவன் கட்சி. சண்டைக் காலத்தில் காருக்கு நல்ல பற்றறி கிடைப்பது அரிது. சோதனைச் சாவடியில் எஞ்சினை நிறுத்தினால் அவனுடைய பழைய மொறிஸ் மைனரைத் தள்ளித்தான் உயிர்ப்பிக்க வேண்டும்.

"ரத்தினம், ரெண்டு மாட்டக் கட்டுங்க" என்று அவனைப் போல வாடகைக்கு வான் ஓடும் ஜெமீல் பகிடி பண்ணுவார்.

"சாவடியில மாட்டுக்கும் பாஸ் கேப்பாங்கள், ஜெமீல்."

கமலேஸ்வரிக்கும் அந்தக் காரில் பெரிய மதிப்பில்லை. ஆனால் அவளுக்குப் பிள்ளைவலி கண்ட காலையில் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். சாவடியில் எஞ்சினை நிறுத்தி எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். அவளால் காலை ஊன்றவே ஏலவில்லை. அவளையும் அவளைத் தாங்கிப் பிடித்திருந்த மாமியையும் உள்ளே வைத்துத் தம்பி தள்ளினான். மணல் ஏறிய வீதியில் கார் அசையவில்லை. மாமி அழத் தொடங்கினார்.

காவலுக்கு நின்ற சிப்பாய் உள்ளே குனிந்து பார்த்தான். "அம்மா, பயம் வேணாம்" என்று தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு பின்னால் போனான். இன்னொருவனும் வந்து கைகொடுத்தான். கார் உருளத் தொடங்கியதும் தம்பி பாய்ந்து ஏறினான். எஞ்சின் உறுமியது. பெயர் தெரியாத அந்த இருவரையும் கமலேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மகள் சுகமாகப் பிறந்தாள். பார்க்க வந்த தம்பியின் உள்ளங்கைகள் கன்றிச் சிவந்திருந்தன.

"நோகுதோடா?"

"அதை விடுங்கோ அக்கா. பிள்ளையக் காட்டுங்கோ."