பிராக்டிகல் அன்று ஒரு ஹாக்கி மேட்ச்

என் மகள் யாழினி மன்னார்குடியில் பிளஸ் டூ படித்தபோது ஹாக்கியும் ஆடினாள். வேதியியல் பிராக்டிகல் தேர்வன்று, ஒரு அரசியல் பிரமுகரின் பிறந்தநாள் போட்டியை வைத்தார் கோச். எங்கள் வீட்டுக்கே வந்து, "ஸ்கூல்ல நான் பேசிக்கிறேன்க்கா. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு என் பொறுப்பு" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம்.

முந்தின நாள் பயிற்சியில் யாழினிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மேட்ச் போச்சே என்று அழுதபடி தேர்வுக்குப் போனாள். அவளுடைய வகுப்புத் தோழியும் அணியின் கோல்கீப்பருமான மலர், கோச்சின் அதே வாக்கை நம்பிப் போட்டிக்குப் போனாள். பள்ளியில் மலருக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள்.

மலரின் அம்மாவோடு நானும் மைதானத்துக்குப் போனேன். பிரமுகர் போர்த்திய சால்வையைக்கூட இன்னும் கழற்றாமல், "நானா வரச் சொன்னேன்? அவளே ஆசைப்பட்டு வந்தா" என்றார் கோச். அந்த அம்மா அழுதுகொண்டு நிற்கும்போதே என் பக்கம் திரும்பி, "யாழினிக்குக் கால் சரியாயிடுச்சாக்கா? அடுத்த வாரம் மேட்ச் இருக்கு" என்றார்.

இப்போது சின்னவளும் ஹாக்கி ஆடுகிறாள், வேறு கோச்சிடம். சேர்க்கும்போதே கேட்டேன்: "பரீட்சை அன்னிக்கு மேட்ச் வந்தா என்ன செய்வீங்க?" அவர் ஒரு நொடி யோசித்திருந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.