படப்பைக்குப் போனதும் மீட்கப்படாமல் கிடந்ததும்

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆயர் என்னை நிறுத்தினார். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் ஆட்களை எப்படி மீட்பது என்று சபைத் தன்னார்வலர்களுக்குப் படப்பையில் ஒருநாள் பயிற்சி. ஒவ்வொரு சபையிலிருந்தும் ஒருவராவது போக வேண்டும் என்றார்.

"எல்லாருக்கும் சனிக்கிழமைன்னா ஏதாவது வேலை இருக்கு சிஸ்டர். உங்களுக்கு வீட்ல யாரும் இல்லையே, நீங்க போலாமே?"

அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. சிட்லபாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். சரி என்றேன்.

போன சனிக்கிழமை காலை 6.50-க்குக் கிளம்பினேன். சானடோரியம் ரயில் நிலையத்துக்கு நடக்க இருபது நிமிடம். அடுத்த நிலையமே தாம்பரம், டிக்கெட் ஐந்து ரூபாய். மேற்குப் பக்கம் இறங்கி 7.35-க்குப் படப்பை பேருந்தைப் பிடித்தேன். சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணமில்லை. முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாகச் சுமார் பதினான்கு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் முடிச்சூர் வீடுகளைப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பயந்து, புதிதாகக் கட்டியவர்கள் எல்லாரும் தரையை ஆளுயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். பழைய வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன.

படப்பை நிறுத்தத்திலிருந்து பயிற்சி நடக்கும் தேவாலயம் ஒன்றரைக் கிலோமீட்டர். ஆட்டோ ஐம்பது ரூபாய்.

"ஒரே ஆளாக்கா? யாராச்சும் வந்தா ஏத்திக்கினு போலாமா?" என்றார் ஓட்டுநர்.

தாராளமாக என்றேன். பத்து நிமிடம் நின்றோம். யாரும் வரவில்லை.

பயிற்சி ஒன்பது மணிக்குத் தொடங்கியது. நடத்தியவர் ஸ்டீபன் சார், தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மொத்தம் இருபத்து மூன்று பேர். போர்வையையும் இரண்டு மூங்கில் கழிகளையும் வைத்து ஸ்ட்ரெச்சர் செய்வது, காலி தண்ணீர் கேன்களைக் கட்டி மிதவை செய்வது, மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவது என்று மதியம் வரை ஓடியது. எல்லாம் இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டும். சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்து நின்றார்கள். நான் மிஞ்சினேன். பரவாயில்லை, ஸ்டீபன் சார் எனக்கு ஜோடியாக நின்றார். அதைக் கௌரவம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. பூமி அதிர்ந்து கட்டடம் சேதமாகிவிட்டது, உள்ளே ஐந்து பேர் சிக்கியிருக்கிறார்கள், நான்கு குழுக்கள் தேடி எடுக்க வேண்டும். சிக்கியவர்களில் நானும் ஒருத்தி. 'கால் முறிவு. பேச முடியும்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஞாயிறு பள்ளிக் கட்டடத்தின் மாடியறையில், அடுக்கிய நாற்காலிகளுக்குப் பின்னால் படுத்தேன். எத்தனை பேர் என்பதைக் குழுக்களிடம் சொல்லவில்லை.

2.10-க்கு விசில். சற்று நேரத்தில் கதவு திறந்தது. "யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஓர் ஆண் குரல். "இருக்கேன்" என்றேன். கதவு மூடிக்கொண்டது. வெளிப்பக்கம் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்டது. பார்த்தாயிற்று, ஆளில்லை என்பதற்கான குறி அது. காலையில்தான் எனக்கும் சொல்லித் தந்திருந்தார்கள்.

மறுபடி கூப்பிட்டிருக்கலாம். எழுந்துகூடப் போயிருக்கலாம், காலில் ஒன்றும் இல்லையே. படுத்தே கிடந்தேன். கீழே ஓடுகிற சத்தம், விசில், கைதட்டல், அப்புறம் டீ டம்ளர்களின் சத்தம். யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சனி, ஞாயிறுகளில் என் வீட்டுக்குள்ளிருந்து தெருவைக் கேட்பதுபோலவே இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

3.25-க்குக் கதவு திறந்து, நாற்காலிகள் நகர்ந்தன. செல்வி நின்றாள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமைக்கிறவள், மதியம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள்.

"இன்னாக்கா இது, இங்கயே பட்துகினு கீற? அல்லாரும் டீ குட்ச்சிட்டாங்க. சமோசா தட்டு ஒண்ணு மிச்சம் கீதேன்னு பாத்தா, உன்னியக் காணோம்."

நான் எழப்போனேன். தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"எய்ந்துக்காத. கால் ஒட்ஞ்சிருக்குன்னு எய்தி கீதுல்ல?"

ஜன்னலைத் திறந்து கீழே பார்த்துக் கத்தினாள். "இன்னும் ஒரு ஆள் கீறாங்க! ஸ்ட்ரெச்சர் எட்த்தாங்க!"

நான்கு பேர் ஓடி வந்து என்னைப் போர்வையில் தூக்கிப் படிகளில் இறக்கினார்கள். ஒருவர் என் தலை இடிக்காமல் கையால் தாங்கிக்கொண்டே வந்தார். என்னை ஒரு கை தொட்டு எத்தனை மாதமாயிற்று என்று யோசித்தேன். கணக்குத் தெரியவில்லை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டேன்.

தலையைத் தாங்கியவர் ஜெபராஜ். கோவிலம்பாக்கத்துக்காரர், கதவில் குறி போட்டவரும் அவர்தான். "நான் கூப்பிட்டேன் சார், பதில் வரல" என்றார்.

ஸ்டீபன் சார் என்னிடம் கேட்டார். "பதில் சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன் சார். மெதுவா."

"ஏன் மெதுவா?"

"வீட்ல நான் மட்டும்தான் சார். சத்தமா பேசியே ரொம்ப நாளாச்சு."

அவர் அறிவுரை சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. "குரல் வரலைன்னா வாசலோட திரும்பக் கூடாது, உள்ள போய்ப் பாக்கணும். எத்தனை பேர வெளிய எடுத்தோம்னு எண்ணாம முடிச்சது என் தப்பு. மறுபடி முதல்லேர்ந்து செய்வோம்" என்றார். என்னையும் அதே இடத்தில் படுக்கச் சொன்னார். இந்த முறை ஜெபராஜ் நாற்காலிகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு வந்தார். நானும் கத்தினேன். தொண்டை கீறிக்கொண்டு, யாருடைய குரலோபோல வந்தது.

ஐந்தரைக்கு முடிந்தது. கிளம்பும்போது செல்வி அந்தச் சமோசாவைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தாள். 7.40-க்கு வீடு.

அடுத்த முறை போக நினைப்பவர்களுக்கு: பருத்திச் சுடிதார், நல்ல பிடிப்புள்ள ஷூ போதும், புடவை வேண்டாம். தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பும் பேருந்தில் நிற்க வேண்டியிருக்கும். தனியாகப் போகத் தயங்க வேண்டாம், ஆனால் காலையிலேயே ஒருவரிடமாவது உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள். உங்கள் தெருவில் தனியாக இருப்பவர்கள் யார் யார் என்று எழுதிக்கொண்டு போனால் அங்கே உதவும். நான் எழுதிப் பார்த்தேன். பதினாறு வீடுகளில் என்னைத் தவிர வேறு யாரைப் பற்றியும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மாடியேறும் முன் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது. என் பெயரையும் கைபேசி எண்ணையும், 'மாடியில் தனியாக இருக்கிறேன்' என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

இன்று புதன்கிழமை. காகிதம் அங்கே இல்லை, எடுத்துவிட்டார்கள். இன்னும் யாரும் அழைக்கவில்லை.