நல்லா இருக்கார்

கத்தோலிக்கக் குருப்பட்டம் வாங்கிய இரண்டாவது வருடம் என்னைத் தனியாக ஒரு கிராமத்துப் பங்குக்கு அனுப்பினார்கள். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் ஏறிப் புதுச்சத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து மூன்று மைல் சைக்கிள் மிதிக்க வேண்டும். ஓடு வேய்ந்த கோயில், இரண்டு அறை வீடு, ஒரு கிணறு. காலைப் பூசை முடிந்ததும் சனங்கள் காட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை அந்த ஊரில் நானும் கோழிகளும்தான்.

அந்தப் பக்கத்தில் குருவை மட்டுமல்ல, பால் குடிக்கும் குழந்தையையும் 'சாமி' என்றுதான் கொஞ்சுவார்கள். முதல் மாதத்தில், தெருவில் யாராவது "இங்க வா சாமி" என்றால் நான் சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். அழைக்கப்பட்டவன் இடுப்புக் கொடியோடு மண்ணில் உட்கார்ந்திருப்பான். போகப் போகத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிந்தது என்று எங்கள் வீட்டில் நினைத்திருந்தார்கள். முடியவில்லை. இளங்குருக்களுக்கு வருடா வருடம் பரீட்சை உண்டு. மாதம் ஒரு நாள் சேலத்தில் ஒடுக்கம் என்னும் தியானக் கூட்டம் உண்டு. இதற்கெல்லாம் பொறுப்பாக ஒரு வயதான குரு இருந்தார். நாங்கள் அவரைப் பெரிய சாமி என்போம். நல்ல மனிதர். எங்களில் யாரைப் பார்த்தாலும் மூன்றே கேள்விதான் கேட்பார்: சாப்பிடறீங்களா, தூங்கறீங்களா, ஜெபம் பண்றீங்களா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவார். ஆமாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மாத ஒடுக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். முப்பது நாள் பேச்சுத் துணையில்லாமல் கிடந்தவர்கள் பஸ் பிடித்து ஓரிடத்தில் வந்து கூடுவோம். கூடியதும், மௌனம். பிரசங்கம், மௌனம். மத்தியானச் சாப்பாட்டில்கூட ஒருவர் புனிதர் சரித்திரம் வாசிப்பார், மற்றவர்கள் வாயை மூடி மென்றுகொண்டிருப்போம். மூன்று மணிக்கு டீ வந்ததும் மௌனம் கலையும். அதற்குள் எல்லோருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பெரிய சாமி வேறு ஏற்பாடு செய்திருந்தார். குருவுக்கும் பாவம் உண்டு, அவரும் இன்னொரு குருவிடம் முழங்காலிட்டுத்தான் ஆகவேண்டும். தூரத்தை உத்தேசித்துப் பக்கத்துப் பக்கத்துப் பங்குக்காரர்களை ஜோடி சேர்த்துவிட்டார். எனக்கு வாய்த்தவர் ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் ஒன்பது மைல் தள்ளி இருந்தார். திருச்செங்கோட்டுச் சீமைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஒருதரம் நான் அங்கே, மறுதரம் அவர் இங்கே. சைக்கிளைச் சாய்த்து வைத்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போவோம். அவர் முழங்காலிடுவார், நான் ஊதாப் பட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்பேன். பிறகு பட்டி அவர் கழுத்துக்குப் போகும், நான் முழங்காலிடுவேன். அரை மணியில் முடிந்துவிடும். வெயில் தாழுமுன் திரும்பிவிடுவோம். எப்படி இருக்கீங்க என்று ஒருநாளும் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்றே, இனி என்ன என்ற நினைப்பு. எங்கள் கூட்டத்தைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய முடியாது.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து எதையும் செய்யவும் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் வருடப் பரீட்சையில் பழைய கேள்வி ஒன்று வந்தது. பூசைக்கான திராட்சை இரசத்தில் விஷம் கலந்திருப்பதாகப் பாவசங்கீர்த்தனத்தில் ஒருவன் சொல்லிவிடுகிறான், குரு இனி என்ன செய்வார்? நான் லத்தீனில் இரண்டு பக்கம் எழுதினேன். அவர் முகம்கூட மாறக் கூடாது என்று முடித்திருந்தேன். பெரிய சாமி அதை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் கோடையில் பக்கத்துப் பங்கின் சமையற்காரர் என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்த வெயிலில் ஒன்பது மைலும் நடந்தே வந்திருந்தார்.

"ஏனுங்க சாமி, எங்க சாமியாரு முன்ன மாதிரி இல்லீங்க. போட்ட சோறு அப்படியே இருக்குதுங்க. ஊட்ட உட்டு வெளிய வாரதில்லீங்க. நீங்க ஒரு வார்த்த கேக்கப்படாதுங்களா?"

கேட்கிறேன் என்றேன். மோர் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் போனபோது கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. பக்கத்துப் பங்குக்காரர் என்னிடம் முழங்காலில் என்ன சொல்லியிருந்தார் என்பதை இப்போதும் சொல்ல மாட்டேன். ஏதாவது சொன்னாரா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்கப் போகிற ஒவ்வொரு கேள்வியும் எங்கிருந்து வருகிறது என்ற சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. சமையற்காரர் சொன்னதிலிருந்தா, என் கண் கண்டதிலிருந்தா, கோயிலில் கேட்டதிலிருந்தா? சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்த பிறகு எதைப் பிரிப்பது? வழக்கம்போலப் பட்டியைப் போட்டுக்கொண்டு கேட்டேன், வழக்கம்போலச் சொன்னேன், சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பெரிய சாமி என் பங்கைப் பார்க்க வந்தார். மூன்று கேள்வியும் கேட்டார், மூன்று ஆமாமும் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தோம்.

"மேட்டூர்ல டேம் வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் வந்த நம்ம சனம் கொஞ்சம் இருக்கு. கோயில் கிடையாது. ஒரு கொட்டகை போட்டு ஆரம்பிக்கணும். அனுப்புற ஆள் ரெண்டு மூணு வருசம் ஒண்டியாக் கிடக்கணும், சமையலுக்குக்கூட ஆள் தர முடியாது. உங்க பக்கத்துப் பங்குக்காரரை நினைச்சிருக்கேன். ஆள் எப்படி இருக்கார்?" என்றார்.

அவரை அங்கே தனியாக அனுப்பினால் ஆள் தேற மாட்டார் என்று எனக்குப் பட்டது. வேண்டாம் என்றால், ஏன் என்பார். பேசாமல் இருந்தால், நாற்பது வருடம் பாவசங்கீர்த்தனம் கேட்ட மனிதர், அந்த மௌனத்தையே படித்துவிடுவார். என்னால் சொல்ல முடியாது என்றால் எல்லாவற்றையும் சொன்னதற்குச் சமம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"நல்லா இருக்கார்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை. அதை மறைக்க, "தைரியமான ஆள். தனியா இருந்து பழகினவர்" என்று சேர்த்துக்கொண்டேன். முகம் மாறக் கூடாது என்று எழுதிப் பேர் வாங்கியவன் அல்லவா. பெரிய சாமி திருப்தியாக இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டார். சமையற்காரர் வந்து சொன்னதை மட்டுமாவது சொல்லியிருக்கலாம், அதில் ஒரு பாவமும் இல்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. பெரிய சாமி போன பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பத்து நாளில், அவர் முறை இல்லாத ஒரு நாள் உச்சி வெயிலில், பக்கத்துப் பங்குக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். தாடி மழிக்காமல் இருந்தது, அங்கி தோளில் தொங்கியது. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"மேட்டூருங்க. ஆடி பொறந்ததும் போகணுமாமுங்க. நீங்க என்னப் பத்தி ரொம்ப நல்லாச் சொன்னீங்களாமுங்க" என்றார்.

அதில் குத்தல் இல்லை. சிரிக்கக்கூடச் செய்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு பழக்கத்தில் கோயில் பக்கம் நடக்கத் தொடங்கினார். அவர் போய் முழங்காலிட்டுவிட்டால் மறுபடி என் வாய்க்குப் பூட்டு விழும்.

"கோயிலுக்கு வேண்டாம். இங்க உக்காருங்க. இனிமே உங்க பாவசங்கீர்த்தனத்தை நான் கேக்க மாட்டேன். அதுக்குச் சேலத்துல வேற யாரையாவது பாருங்க" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "ஏனுங்க, நீங்களும் வேண்டாங்கறீங்களா?"

"காப்பி குடிக்க மட்டும் என்கிட்ட வாங்க" என்றேன்.

காரணத்தை விளக்க எனக்கு வழியில்லை. விளக்கினால் அதுவும் ஒரு மீறல். அவரும் குருதானே, யோசித்துப் பார்த்திருப்பார். பிறகு மெதுவாக வந்து வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். பால் திரிந்திருந்தது. கடுங்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு நான் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். அவர் டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தார்.

"எனக்கு ஒண்டியா இருக்க முடியலீங்க" என்றார்.

பிறகு நிற்காமல் சொன்னார். மத்தியானம் ஆனாலே கை நடுங்க ஆரம்பித்துவிடும். சமையற்காரர் வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக, அவருடைய ஆடு காணாமற்போன கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார். மனிதக் குரல் கேட்கவேண்டும் என்பதற்காகக் குருக்களுக்குரிய தினசரிக் கட்டளை ஜெபத்தைச் சத்தம் போட்டு வாசிப்பார். சில காலைகளில் பூசையில் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது கை வலிப்பதைத் தவிர வேறொன்றும் மனதில் இருப்பதில்லை. இதையெல்லாம் நான் முன்பே அறிவேனா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். "எத்தனை நாளாங்க?" என்று கேட்டேன். "சாப்பிட முடியுதா?" என்று கேட்டேன். பயமில்லாமல் ஒரு கேள்வி கேட்க முடிந்ததில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"இதைப் பெரிய சாமிகிட்ட சொல்லலாமா?"

"நாற்காலில உக்காந்து சொன்னதுதானுங்களே. சொல்லலாமுங்க. நானும் கூட வாரேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் சேலம் போனோம். பெரிய சாமி முழுவதையும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"உங்களைக் கேட்டேனே?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு அன்னைக்குத் தெரியாதுங்க" என்றார் பக்கத்துப் பங்குக்காரர். குரல் நடுங்கவில்லை. தன் மானத்தையே அந்த மேசைமேல் வைத்துவிட்ட மனிதர், என்னையும் காப்பாற்றிவிட்டார்.

பெரிய சாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "சரி, தெரியாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மாசா மாசம் வரச் சொல்லி வாயைக் கட்டித் திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த ஒடுக்கத்திலிருந்து சாப்பாட்டு நேரத்து வாசிப்பு நின்றது.

பக்கத்துப் பங்குக்காரரைச் சேலத்திலேயே ஒரு மாணவர் விடுதிக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். விடிந்தால் அடைந்தால் சத்தம்தான், அவருக்கு அதுதான் மருந்து. அன்று நாங்கள் எழுந்தபோது பெரிய சாமி என்னை மட்டும் நிறுத்தினார்.

"மேட்டூருக்கு ஆள் வேணுமே. தைரியமான ஆள், தனியா இருந்து பழகினவர். அப்படித்தான சொன்னீங்க?"

அவர் தண்டனையாகச் சொன்னாரா, வேறு ஆள் இல்லாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆடியில் நான் மேட்டூர் போனேன். கம்பெனிக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. காற்று திரும்பினால் இரசாயன நெடி கண்ணைக் கரிக்கும். சனங்கள் ஷிப்ட் முறையில் வேலைக்குப் போனார்கள். பாதிப்பேர் வேலையில் இருக்கும்போது மீதிப்பேர் தூங்குவார்கள். ஞாயிறு தவிர மற்ற நாளில் பூசைக்கு ஆறு பேர் வந்தால் அதிகம். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் 'நலம்' என்று எழுதினேன். சேலத்தில் பெரிய சாமியிடம் மூன்று ஆமாம் சொன்னேன். கார்த்திகை வாக்கில் ஒரு நாள் மத்தியானம் என் கையைப் பார்த்தேன். நடுங்கியது.

அந்த வாரமே, சொல்லாமல் கொள்ளாமல், பழைய பக்கத்துப் பங்குக்காரர் சேலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கொஞ்சம் சதை போட்டிருந்தார், தாடி மழித்திருந்தார். நான் பழக்கதோஷத்தில் ஊதாப் பட்டியை எடுக்க எழுந்தேன். அவர் கையை நீட்டி என்னை உட்கார வைத்தார்.

"அதுக்கு வரலீங்க. காப்பி குடிக்க வந்தேன்."

பையிலிருந்து காப்பிப் பொடிப் பொட்டலத்தை எடுத்து, அவரே அடுப்பைப் பற்றவைத்தார். அங்கும் நாற்காலி ஒன்றுதான். என்னை அதில் உட்காரச் சொல்லி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, என் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

"எப்படி இருக்கீங்க?" என்றார்.

நல்லா இருக்கேன் என்று வாய்வரை வந்தது. அவர் அவசரப்படாமல் காத்திருந்தார்.

"நல்லா இல்லைங்க" என்றேன்.