படத்தில் கண் நேராக்கித் தரப்படும்

அந்த ஸ்டுடியோவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டச்சப் அக்கா என்றால்தான் தெரியும். முதலாளி படம் எடுப்பார். பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்தப் படத்தை ஆட்கள் சந்தோஷமாகக் காசு கொடுத்து வாங்கும்படி மாற்றுவது அவள் வேலை. பருவை எடுப்பாள், கழுத்து மடிப்பைக் குறைப்பாள், வழுக்கையில் விளக்கு பளபளத்தால் அதை அணைப்பாள். ஒரே ஒரு வேலையை மட்டும் யாரும் கேட்காமலேயே, கூலி வாங்காமலேயே செய்தாள். படத்தில் இருப்பவருக்கு மாறுகண் இருந்தால் அதை நேராக்கிவிடுவாள். படத்தை வாங்குகிறவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். சிலர் அங்கேயே நின்று அழுதிருக்கிறார்கள். நல்ல மனசு என்று எல்லாரும் சொன்னார்கள். நல்ல மனசுதான், நான் மறுக்கவில்லை. இந்தக் கதையில் கெட்ட மனசுக்காரர் ஒருவர்கூட இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சலாக இருக்கிறது.

அவளுக்கே மாறுகண் இருந்தது. இடது கண் எப்போதும் மூக்குப் பக்கமே ஒதுங்கிக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் ஒன்றரைக்கண் என்று பட்டப்பெயர். "என்னைப் பாக்கறியா, பக்கத்துல இருக்கறவளப் பாக்கறியா?" என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைக்காத வாத்தியார் இல்லை. வீட்டுக்கு வந்து அழுதால் அம்மா, "வளர்ந்தா தானா சரியாயிடும், போ" என்பாள். வளர்ந்தாள். சரியாகவில்லை.

சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு தானாகவே கண் மருத்துவமனைக்குப் போனாள். கண்ணை வெளியே எடுத்து வைத்துத் தைப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி வயிற்றில் புளியைக் கரைத்திருந்தாள். டாக்டர் சிரித்தார். கண் அது இருக்கும் இடத்திலேயே இருக்கும், அதைப் பிடித்து இழுக்கும் தசைகளில் ஒன்றைத் தளர்த்தி இன்னொன்றை இறுக்குவோம், அவ்வளவுதான் என்றார். சிலருக்குச் சாதாரணக் கண்ணாடியே போதும், இரண்டு இரண்டாகத் தெரிகிறவர்களுக்குப் பிரிஸம் வைத்த கண்ணாடி உதவும், சிலருக்குத் தசையில் ஊசி போட்டே பார்ப்போம், உனக்கு அறுவைச் சிகிச்சைதான் சரி என்று பொறுமையாக விளக்கினார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார்.

"கண்ணு நேராயிடும்மா. ஆனா அதோட பார்வை இனிமே பெருசா கூடாது. சின்ன வயசுலயே மூளை அந்தக் கண்ண ஒதுக்கி வெச்சிடுச்சு. அப்பவே வந்திருந்தா, நல்ல கண்ண மூடி வெச்சு இந்தக் கண்ண வேலை வாங்கியிருக்கலாம்."

கண் நேரானது. முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் அவள் நிற்கப் பழகினாள். ஆனால் "அப்பவே வந்திருந்தா" என்ற அந்த ஒரு வார்த்தை அவளை விடவில்லை. அம்மா இறந்த பிறகும் அம்மா மேல் கோபம் தீரவில்லை. இனி என் வீட்டில் ஒரு குழந்தைக்கும் இப்படி ஆக விடமாட்டேன் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். மாறுகண்ணைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். போகிற வருகிற குழந்தைகளின் கண்ணையெல்லாம் உற்றுப் பார்த்தாள். வீட்டில் அவளை அரை டாக்டர் என்று கிண்டல் செய்தார்கள். கிண்டலாகச் சொன்னாலும் எல்லாரும் அதை நம்பினார்கள், அவளும் நம்பினாள். கேடு அங்கேதான் ஆரம்பித்தது.

தம்பியும் தம்பி மனைவியும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தம்பிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கன்னமும் தொடையும் உருண்டு திரண்டு இருந்ததால் பூசணி என்று கூப்பிட்டார்கள். மாதம் தவறாமல் பூசணியை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போய்ப் படம் எடுத்தார்கள். முதலாளி எடுப்பார், அத்தை மெருகேற்றுவாள், தம்பி மனைவி அதைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போனில் அனுப்பிவிட்டு வருகிற பாராட்டையெல்லாம் உட்கார்ந்து படிப்பாள்.

பூசணி உட்காரப் பழகிய சமயத்தில்தான் அது முதலில் வந்தது. ஃப்ளாஷ் பட்டால் படத்தில் கண் சிவப்பாவது அன்றாடம் நடக்கிற சங்கதி. அதை அழிக்கக் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானே உண்டு. அன்று அந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள். பூசணியின் வலது கண்ணின் கருமணிக்குள் சிவப்பு இல்லை. வெள்ளை. இருட்டில் வண்டி விளக்கு பட்ட பூனைக் கண் மாதிரி ஒரு வெள்ளை. அவள் முகத்தைச் சுளித்தாள். பிறகு இடது கண்ணின் கருமணியை நகலெடுத்து வலது கண்ணின் மேல் ஒட்டினாள். ஓரங்களை மெல்லத் தேய்த்துவிட்டாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாத சுத்தமான வேலை. தன் தொழிலில் அவள் கெட்டிக்காரி, என்ன செய்வது?

அடுத்த மாதமும் வெள்ளை வந்தது.

"உங்க லைட்ட கொஞ்சம் மாத்தி வைங்களேன். குழந்தை கண்ணுல வெள்ளையா அடிக்குது" என்றாள் முதலாளியிடம்.

"லென்ஸ்தான்மா மக்கர் பண்ணுது. பாக்கறேன்" என்றார் அவர்.

விளக்கை மாற்றினார், லென்ஸையும் மாற்றினார். வெள்ளை போகவில்லை. அந்த விளக்கின் முன்னால் எத்தனையோ குழந்தைகள் உட்கார்ந்துவிட்டுப் போயின. ஒரு குழந்தைக்கு மட்டும், அதிலும் ஒரு கண்ணில் மட்டும் ஏன் என்று இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவள் மாதா மாதம் அதை அழித்தாள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

முதல் பிறந்தநாள் கழிந்து சில மாதங்களில் பூசணியின் வலது கண் உள்ளே திரும்ப ஆரம்பித்தது. முதலில் தூக்கம் வரும் நேரத்தில் மட்டும், பிறகு எப்போதும். தம்பி சிரித்தான். "அக்கா, அப்படியே உன்ன மாதிரி பாக்கறா பாரு. ரத்தம் எங்க போகும்?" அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பயமும் வரவில்லை. இந்தக் காரியத்துக்காகத்தானே இத்தனை வருஷமாகக் காத்திருந்தோம் என்பது போல ஒரு வேகம் வந்தது.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா?" என்றாள் தம்பி மனைவி.

"போகலாம்மா. அங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? நல்ல கண்ண மூடி வைங்கம்பாங்க. அத நாமளே இன்னைக்கு ஆரம்பிச்சிடுவோம். இதுல ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது."

நாளை வீணாக்கக் கூடாது என்று சொல்லியே நாளை வீணாக்கினார்கள். மருந்துக்கடையில் கண் மேல் ஒட்டும் பட்டை வாங்கி வந்து பூசணியின் இடது கண்ணை மூடினாள். குழந்தை வீடே அதிரக் கத்தியது. பட்டையைப் பிய்த்து எறிந்தது. மறுபடி ஒட்டினாள். பூசணியின் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்துக்கொண்டாள்.

"பாவமா இருக்கு அண்ணி. ரொம்ப பயப்படறா."

"எல்லாக் குழந்தையும் மொதல்ல அடம் பிடிக்கும். எங்கம்மா மாதிரி நீயும் பாவம் பாத்து விட்டேன்னா, நாளைக்கு இவ உன்னத்தான் கேப்பா."

தம்பி மனைவி குழந்தையின் கைகளை மறுபடி பிடித்துக்கொண்டாள். சில வாரங்கள் இப்படியே போயின. கத்திக்கொண்டிருந்த பூசணி மெல்ல மெல்ல அடங்கினாள். பட்டை ஒட்டியதும் வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "பாத்தியா, பழகிட்டா" என்றாள் அத்தை.

ஸ்டுடியோ விடுமுறையான ஒரு நாள். நல்ல வெயில், கூடம் முழுக்க வெளிச்சம். தம்பியும் அவன் மனைவியும் வெளியே போயிருந்தார்கள். பட்டை ஒட்டிய பூசணியைக் கூடத்தில் நிறுத்திவிட்டு, அவளுக்குப் பிடித்த சிவப்பு டம்ளரை எதிரில் நீட்டினாள். பூசணி வாங்கவில்லை. டம்ளரைத் தரையில் தட்டியதும் தலை சத்தம் வந்த பக்கம் திரும்பியது, கண் திரும்பவில்லை. பிறகு அந்தக் குழந்தை ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாக நடந்தது. உள்ளங்கை சுவரில் பட்டதும் அங்கேயே நின்று, சுவரோடு ஒட்டிக்கொண்டது.

அவள் எழுந்தாள். தன் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, ஒதுக்கி வைக்கப்பட்ட தன் இடது கண்ணால் பார்த்தாள். எல்லாம் கலங்கல்தான். ஆனால் ஜன்னல் தெரிந்தது, சுவர் தெரிந்தது, சுவரோரம் நிற்கிற குழந்தையும் தெரிந்தது. இத்தனை வருஷம் வேலையே செய்யாத கண்ணுக்கு இவ்வளவு தெரிகிறதே என்று நினைத்தாள். பூசணியின் வலது கண்ணுக்கு முன்னால் கையை வேகமாக ஆட்டினாள். கண் இமைக்கவே இல்லை. பட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள், இருட்டறையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். தம்பியும் மனைவியும் வந்து சேர்ந்தபின் டாக்டர் அம்மா மூன்று பேரையும் உட்கார வைத்தார். கண் கோணியது நோய் இல்லை, உள்ளே இருக்கும் நோயின் அடையாளம் என்றார். வலது கண்ணின் விழித்திரையில் கட்டி வளர்ந்திருக்கிறது. புற்றுநோய். பார்வை போன கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒதுங்கிவிட்டது. கட்டி கண்ணுக்கு வெளியே பரவவில்லை, இன்னொரு கண்ணும் நன்றாக இருக்கிறது. வலது கண்ணை எடுத்துவிட்டால் உயிரைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது.

தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்தவ நான் கவனிக்கலையே, பக்கத்துலயே இருந்துட்டு கவனிக்கலையே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும். பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்றார் டாக்டர். "ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்துல சில சமயம் வெள்ளையா தெரியும்."

தம்பி போனை நீட்டினான். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "எல்லாத்துலயும் கண்ணு சுத்தமா இருக்கே. நேராவும் இருக்கு. அப்போ இது ரொம்ப சமீபத்துல, ரொம்ப வேகமா வந்திருக்கணும்."

தம்பி மனைவி நிமிர்ந்தாள். "அப்போ நான் கவனிக்காம விடல. அப்படித்தானே டாக்டர்?" என்று கேட்டு ஓவென்று அழுதாள். அது ஆறுதலில் வந்த அழுகை. பக்கத்தில் இருந்த அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, நீங்க தூக்கிட்டு வந்தீங்க அண்ணி. உங்களாலதான் உயிராவது மிஞ்சுது."

சும்மா இருந்திருக்கலாம். அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அந்தத் தாய்க்கும் அதுதான் மருந்தாக இருந்திருக்கும். ஆனால் அத்தை தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அந்தப் படங்கள நம்பாதீங்க டாக்டர். எல்லாம் நான் திருத்தினது. எடுத்தபடியே இருக்கறது ஸ்டுடியோல இருக்கு. கொண்டு வர்றேன்."

ஸ்டுடியோவில் அவள் அந்தப் படங்களைத் திறந்தபோது, ஏதோ ஒன்றிரண்டில்தான் இருக்கும் என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. பூசணி உட்கார்ந்த மாதத்தில் கடுகளவு இருந்தது. தவழ்ந்த மாதத்தில் அதைவிடப் பெரிது. பிறந்தநாள் படத்தில் கருமணி முழுக்க வெள்ளை. குழந்தை கேமராவைப் பார்த்துக் கை தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவற்றைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குத் திரும்பி வந்து தம்பி மனைவியின் கையிலேயே போனைக் கொடுத்தாள். அவள் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். திரும்ப முதலுக்குப் போனாள்.

"இதுல எதுல நீங்க இதப் பாத்தீங்க அண்ணி?"

"எல்லாத்துலயும்."

"இந்தச் சின்னதுலயே வந்திருந்தா, டாக்டர்?" என்று முதல் படத்தை அவர் பக்கம் நீட்டினாள் தம்பி மனைவி.

டாக்டர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கண்ணக் காப்பாத்த முயற்சி பண்ணியிருப்போம்" என்றார் பிறகு. தம்பி எழுந்து வெளியே போனான். அவன் மனைவி கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் குழந்தையை உள்ளே வாங்கிக்கொள்ள நர்ஸ் வந்தாள். தம்பி மனைவியின் மடியில் பூசணி இருந்தாள். அத்தை வாசலோரம் ஒதுங்கி நின்றாள். நர்ஸ் கையில் கறுப்புப் பேனா. எடுக்க வேண்டிய கண்ணுக்கு மேல் நெற்றியில் குறி போட வேண்டும், தவறு நடந்துவிடக் கூடாது என்பதற்காக வீட்டார் வாயாலேயே ஒருமுறை கேட்டுக்கொள்வோம் என்றாள்.

"எந்தக் கண்ணும்மா?"

தம்பி மனைவி நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தாள்.

"அவங்களக் கேளுங்க. அவங்கதான் மொதல்ல பாத்தது."

நர்ஸ் திரும்பினாள். பூசணியும் திரும்பி அத்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வலது" என்றாள் அவள்.

பேனா முனை நெற்றியில் பட்டதும் கூச்சம் தாங்காமல் குழந்தை சிரித்தது.