போனை அணைத்துவிட்டு மிளகு பறித்த நாள்

அன்று தோட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் ஓரகத்தி, எடப்புளி நாட்டு மலைக் கிராமத்திலிருந்து கூலிக்கு வந்த அக்கா தங்கை இருவர், தார்ப்பாயில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த எங்கள் மாமியார்.

என் கணவர் விடியற்காலையிலேயே நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றிக் கேரளாவுக்குக் கிளம்பியிருந்தார். இதற்கு முந்தின நடையில் நான் ஒன்பது தடவை கூப்பிட்டேன். ஓட்டும்போது அவர் பேச மாட்டார். ஒவ்வொரு தடவையும் லாரியை ஓரங்கட்டித்தான் பேசினார். லோடு தாமதமாகப் போனது. லாரி முதலாளி நஷ்டம் மூவாயிரம் ரூபாயை என் கணவர் கணக்கில் கடனாக எழுதிவிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

எல்லாம் தெரிந்தும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஏணியில் நின்றபடியே அவர் வாட்ஸ்அப்பைக் கடைசியாகப் பார்த்த நேரத்தைப் பார்த்தேன்.

ஓரகத்தியின் கணவரும் லாரி டிரைவர்தான். அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள். வேலைக்கு வந்ததும் போனை அணைத்து, சோறு கொண்டுவந்த தூக்குப்போசிப் பையில் போட்டுவிடுவாள். சோற்று நேரத்தில் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை. அவ்வளவுதான்.

"உனக்குப் பயமே இல்லையா?" என்றேன்.

"ஏனில்லீங்க்கா? நெறயா இருக்குது. நாம இங்க பயந்தா அங்க பிரேக்கு புடிக்குமா?"

"அவ ஒரு கூடை பறிச்சுட்டா சாமி. நீ இன்னும் போனத் தேச்சுக்கிட்டே நிக்கிற" என்றார் மாமியார். கூலிக்கு வந்த இருவரும் சிரித்தார்கள்.

இறங்கிப் போய் என் போனையும் அந்தப் பையில் போட்டேன். ஒரு மணி நேரம் மனம் படாத பாடு பட்டது. பாலக்காட்டுக்கு அப்புறம் லாரி கவிழ்ந்து, ரோடெல்லாம் முட்டை உடைந்து ஓடுவதாக நினைத்துக்கொண்டேன். ஓரகத்தி தன் ஏணியைத் தூக்கி வந்து எனக்கு அடுத்த மரத்தில் சாத்திக்கொண்டு பறித்தாள்.

சாப்பாட்டின்போது பார்த்தோம். இருவருக்கும் சேதி இல்லை. அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. மறுபடி அணைத்துவிட்டு, "ஊறுகா குடுங்க்கா" என்றாள். பயத்தோடே ஒருத்தி இப்படி இருக்க முடியும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். நான் எட்டாவது வரை படித்ததில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

வேலை முடிந்து போனைத் திறந்ததும் அவரே கூப்பிட்டார்.

"ஏன் கண்ணு, போனு கெட்டுப்போச்சா? ஒரு தடவகூடக் கூப்புடல?"

"அணைச்சு வெச்சிருந்தேனுங்க."

"அதான் லோடு எறக்குற எடத்துக்கு நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டேன். அடுத்த நடையும் மொதலாளி என்னையே போகச் சொல்லீட்டாரு. அந்த மூவாயிரத்துக்கு இந்த நடைக் காசுல ஐநூறு புடிச்சுக்கறாராம்."

ஐநூறு கழிந்தது. இன்னும் இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் பாக்கி.